இந்தத் தையா, அடுத்த தையா

முறத்தில் விதை மொச்சையைக் கொட்டி, பூச்சிக்குப் போட்டிருந்த சாம்பலைப் புடைத்துக்கொண்டிருக்கிறேன். சொத்தை இந்தப் பக்கம், நல்லது அந்தப் பக்கம். வண்டு துளைத்ததுதான் அதிகம். இரண்டு வருஷமாகப் பானைக்குள்ளேயே கிடந்த விதை வேறு எப்படி இருக்கும்? கை பாட்டுக்குப் பொறுக்கட்டும், நான் கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஆட்கள் முன்னால் பேச வராது. அதனால் காதில் விழுந்தது நிறைய.

எங்கள் ஊர் வெள்ளைக்கரடு. ஊருக்கு மேற்கே உள்ள கரட்டில் பேட்டரிக்கல் இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். லித்தியம் என்று அதற்குப் பேராம். நாங்கள் பேட்டரிக்கல் என்றுதான் சொல்வோம். சுரங்கம் போடப் போகிறோம் என்று கம்பெனிக்காரர்கள் வந்து நாலு வருஷம் ஆகிறது. வேலி போட்டார்கள், ஆபீஸ் கட்டினார்கள், பெரிய பலகை நட்டார்கள். கல் இன்னும் கரட்டிலேயே இருக்கிறது.

சுரங்கம் என்றைக்கு ஓட ஆரம்பிக்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்வதற்கென்றே கம்பெனியில் ஒருவரை வைத்திருக்கிறார்கள். பொன்னுரங்கம் சார். ஐம்பத்தாறு வயது. தலைக்குச் சாயம் அடித்திருப்பார். நல்ல மனுஷர்.

முதலில் ஒரு தை மாசம் சொன்னார். சுரங்கம் ஓடுவதற்கு முன்னால் எங்கள் நிலத்தின் மேல் ரோடு வரவேண்டும், கரண்ட் கம்பி வரவேண்டும். அதனால் அந்த ஆடியில் யாரும் விதைக்க வேண்டாம், பயிர் இருந்தால் மெஷின் மேலேயே ஏறிவிடும் என்றார்கள். விதைக்கவில்லை. தை வந்தது. சுரங்கம் வரவில்லை. அப்புறம் அடுத்த தை என்றார். அந்த ஆடியிலும் விதைக்கவில்லை. அந்தத் தையும் போய்விட்டது. நிலம் இன்னும் எங்கள் பேரில்தான் இருக்கிறது. அதில் வேலிக்கருவைதான் முளைத்திருக்கிறது.

டீக்கடையில் சாரைப் பார்த்தால் பையன்கள் விடமாட்டார்கள்.

"சார், இந்தத் தையா, அடுத்த தையா?"

அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஜீப்பில் ஏறிவிடுவார்.

இந்தச் சார் ஞாயிற்றுக்கிழமை தோறும் ரிக்கு சாமியிடம் வருவார். ரிக்கு சாமி, சாமியார் இல்லை. ரிக்கு என்கிற போர்வெல் வண்டி ஓட்டினவர். நாற்பது வயதுதான். ஒருநாள் வண்டியை எங்கள் ஊர் எல்லையில் நிறுத்தியவர் அப்புறம் எடுக்கவில்லை. அந்த லாரிக்குப் பக்கத்திலேயே தகரக் கொட்டகை போட்டு இருக்கிறார். சண்டை என்றாலும் சம்பந்தம் என்றாலும் ஊரில் அவரிடம்தான் போய்க் கேட்பார்கள். பாதிக் கேள்விக்குத் தெரியாது என்பார். அப்படியும் போவார்கள்.

சார் முதல் தடவை வந்தது, ஆபீஸில் போர் போட்டால் எத்தனை அடியில் தண்ணீர் வரும் என்று கேட்க. சாமி தெரியாது என்றார். சார் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாராம். கம்பெனியில் சேர்ந்த நாளாக அந்த வார்த்தையை யார் வாயிலிருந்தும் கேட்டதில்லையாம். அன்றிலிருந்து வருகிறார். வயதில் இளையவரைச் சார் "சாமி" என்பார். சாமி அவரைச் "சார்" என்பார்.

ஞாயிற்றுக்கிழமை சாமிக்குச் சோறு எங்கள் வீட்டு முறை. களியும் குழம்பும் கொடுத்துவிட்டுப் பாத்திரத்துக்காக லாரிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பேன். என் கைக்குழந்தை யாழினி மடியில் தூங்குவாள். அப்படிக் கேட்டதுதான் இது.

ஆடி பிறந்து ஒரு வாரம். வெள்ளிக்கிழமை நல்ல மழை. கையை விட்டுப் பார்த்தால் முழங்கை வரைக்கும் ஈரம். சார் வந்தார். சாமி இரும்புப் பைப்புகளின் மேல் உட்கார்ந்து களி தின்றுகொண்டிருந்தார்.

"ஒரு கேள்வி, சாமி."

"உக்காருங்க சார். குழம்பு இருக்குது."

"சாப்பாடு ஆச்சு. சுரங்கம் எப்போ உற்பத்தி தொடங்கும்?"

சாமிக்குப் புரையேறிவிட்டது.

"அதை நீங்கதானே சொல்லணும்? சம்பளம் உங்களுக்கு."

"ரெண்டு தடவை சொன்னேன். ரெண்டும் தப்பு. நாளைக்கு எட்டாம் நாள் ஊர்க் கூட்டம். ஊருக்கு ஒரு தேதி சொல்லணும், ஹெட் ஆபீஸுக்கும் அதே தேதியைச் சொல்லணும்."

"கணக்கு போட்டாச்சா?"

"போட்டேன்."

"எப்போன்னு வருது?"

சார் பேனாவை எடுத்துத் திரும்பச் சட்டைப் பையில் செருகினார்.

"தை," என்றார்.

நான் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டேன். ஆனாலும் சத்தம் வந்துவிட்டது. சார் லாரிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். கோபப்படவில்லை.

"எல்லா வருஷமும் தையிலேயே வந்து நிக்குதே, அது எப்படி சார்?"

"முதல் தடவை மார்கழின்னுதான் வந்தது சாமி. மார்கழியில எதையும் ஆரம்பிக்க வேண்டாம்னு மேல சொன்னாங்க. தைக்குத் தள்ளினேன். ரெண்டாவது தடவை ஐப்பசி. மழைக்காலம், தள்ளுன்னாங்க. கார்த்திகை போச்சு, மறுபடி மார்கழி. மறுபடி தை."

"சரி, கணக்கை எப்படிப் போடுறீங்க?"

சார் நோட்டைப் பிரித்தார். சாமி எச்சில் கையைத் தள்ளி வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"மெஷின் மாட்ட எத்தனை நாள்னு கேட்பேன். அறுபதும்பாங்க. கரண்ட் கம்பி இழுக்க அறுபது. ரோடு போட அறுபது."

"எல்லாருக்கும் அறுபதா?"

"அப்படித்தான் சொல்றாங்க. எல்லாத்தையும் கூட்டி, மேல பதினஞ்சு நாள் சேர்த்துப்பேன்."

"பதினஞ்சு எதுக்கு?"

"லாரி ஸ்டிரைக், புயல், யாருக்காவது கல்யாணம், சாவு. எதுவும் விட்டுப்போகக் கூடாதில்ல?"

"நல்லாத்தான் போட்டிருக்கீங்க."

"அப்புறம் ஏன் சாமி தப்பாப் போகுது?"

சாமி தட்டை வழித்து முடித்தார். கையைக் கழுவினார். லுங்கியில் துடைத்துக்கொண்டார்.

"எத்தனை நாளாகும்னு இனிமே யாரையும் கேக்காதீங்க சார். யாருக்காகக் காத்துக்கினு இருக்கேன்னு மட்டும் கேளுங்க. வேற ஒண்ணும் கேக்க வேணாம். எழுதிக்கினு அடுத்த ஞாயித்துக்கிழமை வாங்க."

"தேதி கேட்க வந்தா வேலை குடுக்கிறீங்களே."

"சம்பளம் உங்களுக்கு," என்றார் சாமி மறுபடியும்.

வீட்டுக்கு வந்ததும் எங்கள் வீட்டுக்காரர் கேட்டார்.

"சாமி என்ன சொன்னாரு?"

"யாரு யாருக்காகக் காத்திருக்காங்கன்னு கேட்டுக்கினு வரச் சொன்னாரு."

"அதுக்குச் சாமி எதுக்கு? இங்க வந்தா நானே சொல்லுவேன்."

அந்த வாரம் பூராவும் அவர் காலையிலும் சாயங்காலமும் நிலத்துக்குப் போய் நின்றார். ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து உருட்டிப் பார்ப்பார். உருண்டை நின்றால் ஈரம் இருக்கிறது. திங்கள்கிழமை நின்றது. புதன்கிழமை நின்றது. பக்கத்து நிலத்துக்காரர்களும் வந்து இப்படியே நின்றார்கள். யாரும் ஏர் பூட்டவில்லை. ராகி விதையை எங்கேயாவது வாங்கிக்கொள்ளலாம். மொச்சை அப்படி இல்லை. எங்கள் மாமியார் வீட்டு மொச்சை, ராகிக்கு ஊடே போடுவது. மூன்றாம் வருஷம் தாண்டினால் முளைக்காது. இது மூன்றாம் வருஷம்.

சனிக்கிழமை உருட்டின மண் பாதியில் விண்டுபோனது. அவர் என்னிடம் சொல்லவில்லை. கையைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சார் சீக்கிரமே வந்துவிட்டார். முகம் ஒரு மாதிரி இருந்தது. சாமி இன்னும் சாப்பிடவில்லை.

"கேட்டீங்களா சார்?"

"கேட்டேன். மெஷின் மாட்டுறவரை முதல்ல கேட்டேன். மெட்ராஸ்ல இருக்காரு. போன்லதான். யாருக்காகக் காத்திருக்கீங்கன்னேன். கரண்டுக்காகன்னாரு. கரண்ட் வந்த நாள்லேர்ந்து அறுபது நாளாம்."

"வந்த நாள்லேர்ந்து."

"ஆமா. கரண்ட் ஆளைக் கேட்டேன். ரோடு இல்லாம கம்பத்தை எதுல ஏத்திக்கிட்டு வர்றது, தலையிலயான்னு கேட்டாரு. ரோடு முடிஞ்ச நாள்லேர்ந்து அறுபது நாளாம்."

"ரோட்டுக்காரரு?"

"மெஷினைக் கொண்டாந்து சும்மா நிறுத்த முடியுமா, ஹெட் ஆபீஸ் நாள் குறிச்சாத்தான் வருவோம்னு சொல்றாரு. குறிச்ச நாள்லேர்ந்து அறுபது."

"ஹெட் ஆபீஸ்ல கேட்டீங்களா?"

"பயந்துக்கிட்டேதான் கேட்டேன். ஒரு பொண்ணு பேசுச்சு. சிரிச்சிடுச்சு." சார் நோட்டை மூடினார். "சார், நாங்க உங்க தேதிக்காகத்தான் காத்திருக்கோம்னு சொல்லுது."

ஒரு காக்கை வந்து லாரி மேல் உட்கார்ந்தது.

"நான் அறுபதையும் அறுபதையும் கூட்டிக்கிட்டே இருந்திருக்கேன் சாமி. முதல் நாள்னு ஒண்ணு எங்கயுமே இல்ல."

"எல்லாரையும் கேட்டாச்சா?"

"எல்லாரையும்."

"ஊரை?"

சார் நிமிர்ந்து பார்த்தார்.

"ஊர்ல என்ன கேட்கணும்? அவங்க ஒண்ணும் செய்யறதில்லையே."

"லாரிக்குப் பின்னால ஒரு தங்கச்சி உக்காந்துக்கினு இருக்குது. ரெண்டு ஏக்கர். ரோடு அது மேலதான் வருது. போயிக் கேளுங்க."

எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. மடியில் குழந்தை தூங்குகிறாள், எப்படி ஓடுவது? சார் சுற்றி வந்து டயருக்குப் பக்கத்தில் நின்றார். என்னைப் பார்க்காமல் டயரைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"நீங்க யாருக்காகம்மா காத்திருக்கீங்க?"

மெதுவாகச் சொன்னேன்.

"உங்களுக்காகத்தான் சார்."

"எனக்காகவா?"

"விதைக்கலாமா வேணாமான்னு நீங்க சொல்லணும் இல்ல?" அதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் அன்றைக்கு விட்டால் அப்புறம் எப்போது? "மொச்சை மூணாம் வருஷம் சார். இந்தத் தடவை போடலேன்னா முளைக்காது. நேத்தே மண்ணு உதிர ஆரம்பிச்சிடுச்சு."

சார் டயரை விட்டு என்னைப் பார்த்தார். அப்புறம் சாமியிடம் திரும்பிப் போனார்.

"சொல்லுங்க சார்," என்றார் சாமி. "நீங்க யாருக்காகக் காத்துக்கினு இருக்கீங்க?"

"இவங்க எல்லாருக்காகவும்."

சாமி களியில் குழி செய்து குழம்பை ஊற்றிக்கொண்டார். சார் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடந்தார். பிறகு சட்டென்று நின்றார்.

"அப்போ நான் ஒரு தேதியை அடிச்சுச் சொல்லிட்டாப் போதும் சாமி! சரியோ தப்போ. ஆபீஸ் நாள் குறிக்கும், ரோட்டுக்காரன் வருவான், எல்லாம் நகர ஆரம்பிச்சுடும். என்ன சொல்றீங்க?"

சாமி அவசரப்படவில்லை. ஒரு வாய் உருட்டி விழுங்கினார்.

"நான் வண்டி ஓட்டினப்போ அப்படித்தான் சார் சொல்லுவேன்."

"எப்படி?"

"எத்தனை அடியில தண்ணி வரும்னு கேப்பாங்க. எனக்கு எப்படித் தெரியும்? மண்ணுக்கு அடியில போயா பாத்தேன்? தெரியாதுன்னா வேற வண்டியைக் கூப்பிட்டுடுவாங்க. அதனால நானூறு அடின்னு சொல்லுவேன். வேலை ஆரம்பிச்சுடும். நானூறுல வரலேன்னா இன்னும் அம்பதும்பேன். அது தாண்டினா இன்னும் அம்பது."

"அதுல தப்பு என்ன? பாதி இடத்துல தண்ணி வந்திருக்குமே."

"வந்துச்சு. பாதிக்கு மேலயே வந்துச்சு."

"அப்புறம் வண்டியை ஏன் நிறுத்தினீங்க?"

"கடைசியாப் போட்ட போர் இந்தப் பக்கத்து ஊருதான். அந்த ஊருக்குக் குடிதண்ணி நாலு நாளைக்கு ஒரு தடவை வரும். காலையில வண்டியை நிறுத்தினதும் அந்த வீட்டம்மா கேட்டுச்சு, அண்ணா, இன்னிக்கே வந்துடுமான்னு. சாயங்காலத்துக்குள்ள வந்துடும்மான்னேன். எல்லாருக்கும் சொல்றதுதான். எந்திரம் ஓடிச்சு. எழுநூறு அடி. தண்ணி இல்ல, மண்ணு புகையாத்தான் வந்துச்சு. பொழுது சாயறப்போ கையைக் காலைக் கழுவலாம்னு வீட்டுப் பக்கம் போனேன். வாசல்ல ஏழு குடம். புளி போட்டுத் தேய்ச்சு, வரிசையா வெச்சிருந்துச்சு அந்தம்மா. தகதகன்னு இருந்துச்சு. குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடும்மான்னேன்."

சாமி நிறுத்திவிட்டுத் தண்ணீர்ச் செம்பை எடுத்தார். குடிக்கவில்லை.

"பழைய தண்ணியைக் கீழ ஊத்திட்டுத்தான் குடத்தைத் தேய்ச்சிருக்குது. புதுத் தண்ணி வரப் போவுதே, நான்தான் சொல்லிட்டேனே."

சார் பைப்பின் மேல் உட்கார்ந்தார்.

"என் வண்டி ஓடணும்னு நான் சொன்ன வார்த்தை சார் அது. வண்டிக்குச் சொன்னேன். குடம் கேட்டுடுச்சு."

சாமி களியைத் தின்று முடித்தார். எனக்குப் பாத்திரம் வரவேண்டும். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. யாழினி விழித்துக்கொண்டு என் தாலிக்கயிற்றைப் பிடித்து இழுத்தாள்.

"நாளைக்குக் கூட்டத்துல தேதி கேட்பாங்களே, சாமி," என்றார் சார்.

"கேப்பாங்க."

"தெரியாதுன்னு சொன்னா விதைச்சுடுவாங்க."

"விதைப்பாங்க."

"பயிர் நிக்கிறப்போ ரோட்டுக்காரனே வந்தாலும் மெஷினை இறக்க ஊர் விடாது. ராகி அறுத்து, மொச்சை பறிச்சு முடிக்க அஞ்சு மாசம் ஆயிடும். உற்பத்தி அஞ்சு மாசம் தள்ளிப் போயிடும் சாமி. மேல என்னை உரிச்சிடுவாங்க."

"இது வரைக்கும் எத்தனை மாசம் தள்ளிப் போயிருக்குது?"

சார் நோட்டைப் பிரிக்கவில்லை. மனப்பாடமாக இருந்தது.

"பதினெட்டு மாசம்."

சாமி பாத்திரத்தை எடுத்துக் கழுவினார். கவிழ்த்துத் தண்ணீரை உதறினார். லாரியைச் சுற்றி வந்து என் கையில் கொடுத்தார். பிறகு திரும்பிச் சாரைப் பார்த்துக் கேட்டார்.

"ஒண்ணுமே விதைக்காம?"

சார் நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டார். ஜீப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் கூட்டம் பள்ளிக்கூடத்தில். பெண்கள் எல்லாம் பின்னால் நின்றோம். ஆபீஸிலிருந்து மைக்கெல்லாம் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். சார் எழுந்ததுமே பையன்கள் ஆரம்பித்துவிட்டார்கள். இந்தத் தையா சார், அடுத்த தையா? ஒரே சிரிப்பு. சார் மைக்கைத் தள்ளி வைத்தார். நோட்டை மேசையில் கவிழ்த்து வைத்தார். எங்கள் பக்கம் பார்த்தார். பார்த்துவிட்டு அவர் சொன்னது...

இருங்கள், இவர் வரப்பிலிருந்து கூப்பிடுகிறார். "ஏ, யாழினி அம்மா! ராகி பாதி நிலம் விதைச்சாச்சு, இன்னுமா பொறுக்கிக்கினு இருக்கற? ஈரம் போறதுக்குள்ள மொச்சையை எடுத்துக்கினு வா!" முறத்தில் நல்லது இரண்டு படி தேறும், அதை மடியில் கட்டிக்கொண்டு நான்...